பிளாட்டினம் கார்டின் ஆகாயச் சவாரி: கூலி கொடுப்பது யார்?

அமெரிக்காவில் ஒரு பெரிய விவாதம் நடக்கிறது. எந்தக் கிரெடிட் கார்டு உயர்ந்தது? எதை நீட்டினால் ஹோட்டல் மானேஜர் அதிகமாகக் குனிவார்? எது கையிலிருந்தால் விமான நிலையத்தில் மெத்தை நாற்காலியும் இலவச மதுவும் கிடைக்கும்? படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். இந்தக் கார்டில் இத்தனை சலுகை, அந்தக் கார்டில் அத்தனை சலுகை என்று பட்டியல் போடுகிறார்கள், கூட்டிக் கழிக்கிறார்கள்.

“கனவான்கள் எந்தக் கார்டை வைத்துக்கொண்டால் நமக்கென்ன?” என்று மில்லில் நூல் ஓட்டும் தோழரும், வயலில் நாற்றுப் பறிக்கும் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பட்டியல்களில் ஒரு பத்தி மட்டும் எப்போதும் காலியாகவே இருக்கிறது. ‘இத்தனைக்கும் பணம் கொடுப்பது யார்?’ என்ற பத்தி அது. அந்தப் பத்தியை நாம் நிரப்பிப் பார்ப்போம். அதில் வந்து விழும் பெயர் உழைப்பவனுடைய பெயராக இருப்பதைக் காண்போம்.

தகட்டில் எழுதிய அந்தஸ்து

1950ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்ற கம்பெனி ஓர் அட்டையை வெளியிட்டது. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, கையில் காசில்லாமல் அட்டையைக் காட்டி எழுந்து வரலாம். மாதக் கடைசியில் பணம் கட்டினால் போதும். 1958ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் கார்டைக் கொண்டுவந்தது. அதே வருஷம் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சுமார் 60 ஆயிரம் கார்டுகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. அதுதான் பிறகு 1976ல் விசா என்று பெயர் மாறியது.

எல்லோர் கையிலும் கார்டு வந்துவிட்டால் சீமானுக்கு என்ன கௌரவம்? சந்தையில் எல்லோரும் பட்டு கட்டினால் ஜமீன்தார் எதைக் கட்டுவார்? ஆகவே கார்டுகளிலும் மேல் கீழ் என்று படி கட்டினார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1966ல் தங்கக் கார்டு கொண்டுவந்தது, 1984ல் பிளாட்டினம், 1999ல் செஞ்சூரியன் என்ற கறுப்புக் கார்டு. இந்தக் கறுப்புக் கார்டை யாரும் கேட்டு வாங்க முடியாது. கம்பெனி பார்த்து அழைக்க வேண்டும். அழைத்தால் அமெரிக்காவில் சேர்க்கைக் கட்டணம் 10,000 டாலர், பிறகு வருஷா வருஷம் 5,000 டாலர்.

அதற்கு அடுத்த படியான பிளாட்டினத்துக்கு 2025 செப்டம்பரில் வருஷக் கட்டணத்தை 695 டாலரிலிருந்து 895 ஆக உயர்த்தினார்கள். போட்டிக் கார்டான சேஸ் பாங்கின் சஃபையர் ரிசர்வ் 2016ல் 450 டாலருக்கு வந்தது. 2025 ஜூனில் அது 795 டாலராயிற்று. கேப்பிட்டல் ஒன் பாங்கு 2021ல் 395 டாலருக்கு ஒன்றை விற்கத் தொடங்கியது.

895 டாலர் என்றால் எவ்வளவு? அமெரிக்க மத்திய சர்க்கார் 2009ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். பல மாநிலங்களில் இதைவிட அதிகம் உண்டு; ஆனால் மத்தியச் சட்டத்தின் தொகை அதற்குப் பிறகு உயரவில்லை. அந்தக் கூலிக்கு வேலை செய்பவர் 123 மணி நேரம், அதாவது மூன்று வாரத்துக்கு மேல், உண்ணாமல் உடுத்தாமல் உழைத்தால் ஒரு பிளாட்டினம் கார்டின் வருஷக் கட்டணம் சேரும்.

பிளாட்டினம் என்று பெயர் வைத்தார்களே, எதில் செய்கிறார்கள் தெரியுமா? எவர்சில்வர் தகட்டில்! நம் வீட்டுச் சோற்றுக் கிண்ணமும் எவர்சில்வர்தான். நாம் அதை விமான நிலையத்தில் காட்டினால் யாரும் கதவு திறக்கமாட்டார்கள்.

கௌரவத்துக்குள்ளும் கியூ வரிசை

இந்தக் கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது? முக்கியமாக விமானப் பிரயாணச் சலுகைகள். விமான நிலையத்தில் தனி ஓய்வுக்கூடம், அதாவது லவுஞ்ச். ஹோட்டலில் நல்ல அறை. வாடகைக் காருக்குச் சலுகை. செலவு செய்யும் ஒவ்வொரு டாலருக்கும் புள்ளி. புள்ளி சேர்ந்தால் இலவச விமான டிக்கெட்.

பிளாட்டினம் கார்டுக்கு வருஷத்தில் 3,500 டாலருக்கு மேல் பலன் உண்டு என்று கம்பெனி தம்பட்டம் அடிக்கிறது. பிரித்துப் பார்த்தால் சாயம் வெளுக்கிறது. வாடகைக் கார் சலுகை மாதம் 15 டாலராகத் துண்டு போட்டுத் தரப்படுகிறது. ஹோட்டல் சலுகை ஆறு மாதத்துக்கு ஒரு துண்டு. சாப்பாட்டுச் சலுகை மூன்று மாதத்துக்கு ஒரு துண்டு. குறித்த காலத்துக்குள், குறித்த இடத்தில் செலவழிக்காவிட்டால் அந்தத் துண்டு செல்லாக் காசு. பண்ணையில் கூலிக்குப் பதில் சீட்டுக் கொடுத்து, ‘பண்ணைக் கடையிலேயே மாற்றிக்கொள்’ என்று சொன்ன பழைய தந்திரம்தான் இது. சீமானிடம் அதையே ‘சலுகை’ என்று சொல்லி, சீட்டுக்கு அவரிடமே பணமும் வாங்குகிறார்கள்!

லவுஞ்சின் கதி என்ன? கார்டை விற்றுத் தள்ளியதில் லவுஞ்சுகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நெரிசலுக்குத் தப்பி உள்ளே போனவர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். உடனே கம்பெனிகள் புதுப் படி கட்டின. 2023 பிப்ரவரி முதல் செஞ்சூரியன் லவுஞ்சில் விருந்தினரை அழைத்துப் போனால் தலைக்கு 50 டாலர். வருஷத்தில் 75,000 டாலர் கார்டில் செலவழித்தவருக்கு மட்டும் விலக்கு. டெல்டா விமானக் கம்பெனியின் லவுஞ்சில் 2025 பிப்ரவரி முதல் பிளாட்டினம்காரருக்கு வருஷத்துக்குப் பத்தே தடவை அனுமதி. அங்கேயும் 75,000 டாலர் செலவழித்தவருக்குத் தடையில்லை.

நேற்று வரை ‘நீயும் உயர்ந்தவன்’ என்று முதுகைத் தட்டியவர்கள் இன்று ‘இன்னும் செலவழித்தால்தான் உயர்ந்தவன்’ என்கிறார்கள். இவர்கள் விற்கும் சரக்கின் குணமே அது. பத்துப் பேர் வெளியே நின்றால்தான் உள்ளே இருப்பவருக்குக் கௌரவம். உள்ளே இருப்பவர் பெருகினால் சரக்கின் மதிப்பு போய்விடும். மறுபடியும் ஒரு வேலி போட்டாக வேண்டும்.

கடைத் தேங்காய், வழிப்பிள்ளையார்

“போகட்டுமே! அவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள், அனுபவிக்கிறார்கள். உங்களுக்கு ஏன் வயிற்றெரிச்சல்?” என்று முதலாளிப் பத்திரிகைகள் கேட்கலாம்.

அவர்கள் கட்டுவதைக் கொண்டுதான் இது நடக்கிறதா? கம்பெனியின் சொந்தக் கணக்கையே பார்ப்போம். 2023ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் மொத்த வருமானம் சுமார் 6,050 கோடி டாலர். அதில் கார்டுக் கட்டணமாக வந்தது சுமார் 730 கோடி. கடைக்காரர்களிடமிருந்து பிடித்துக்கொண்டது சுமார் 3,340 கோடி! பாதிக்கு மேல் வருமானம் கடைகளின் கல்லாவிலிருந்து போகிறது. கார்டு வைத்திருப்பவர் தட்சிணை வைக்கிறார். படையலுக்குக் கடைத் தேங்காய் உடைகிறது.

கடைக் கல்லாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கணக்குப் புரிய ஓர் உதாரணம் சொல்லுவோம். ஒரு மளிகைக் கடை. ஒரு கம்பெனி டைரக்டர் 100 டாலருக்குச் சாமான் வாங்கிக் கார்டை நீட்டுகிறார். கடைக்காரருக்கு முழு 100 வராது. இரண்டு இரண்டரை டாலரைப் பாங்கும் கார்டுக் கம்பெனியும் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கார்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிப்பார்கள். உயர்ரகக் கார்டுக்கு அதிகம். கடைக்காரர் இதைத் தன் வீட்டுச் சொத்திலிருந்தா கொடுப்பார்? எல்லாச் சரக்கின் விலையிலும் ஏற்றி வைப்பார். அடுத்து, அதே டைரக்டரின் ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் பெண் வருகிறார். அவரும் 100 டாலருக்குச் சாமான் வாங்கி ரொக்கமாக எண்ணி வைக்கிறார். அவரால் கடைக்காரருக்குக் கார்டுச் செலவு ஒரு காசுகூட இல்லை. ஆனாலும் ஏற்றி வைத்த அதே விலையைத்தான் அவரும் கொடுக்கிறார்.

டைரக்டருக்குப் புள்ளிகளாக ஒன்றரை, இரண்டு டாலர் திரும்பிப் போகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன திரும்புகிறது? ரசீது! விலையில் இருவருக்கும் சமத்துவம் கொடுத்தவர்கள் சலுகையில் மட்டும் சமத்துவத்தை மறந்துவிட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இது நாம் கட்டிய கதை அல்ல. அமெரிக்க மத்திய பாங்கின் பாஸ்டன் கிளையைச் சேர்ந்த பொருளாதார நிபுணர்கள் 2010ல் ஒரு கணக்குப் போட்டார்கள். வருஷ வருமானம் 20,000 டாலரும் அதற்குக் கீழும் உள்ள குடும்பம், இந்த ஏற்பாட்டினால் சராசரியாக வருஷத்துக்கு 21 டாலர் இழக்கிறது. 1,50,000 டாலரும் அதற்கு மேலும் வருமானமுள்ள குடும்பம் 750 டாலர் பெறுகிறது. ஏழைக் குடும்பங்கள் பல சேர்ந்து ஒரு பணக்காரக் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கின்றன. 2023ல் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட இன்னோர் ஆராய்ச்சி, கார்டுச் சலுகைகளின் வழியாக வருஷத்துக்குச் சுமார் 1,500 கோடி டாலர் கைமாறுகிறது என்று மதிப்பிட்டது. எந்தத் திசையில்? படிப்புக் குறைந்தவரிடமிருந்து படித்தவருக்கு, ஏழையிடமிருந்து பணக்காரருக்கு, சிறுபான்மை மக்கள் அதிகம் வாழும் வட்டாரங்களிலிருந்து குறைவாக வாழும் வட்டாரங்களுக்கு.

நாணய நிதியம் பாட்டாளிகளின் சங்கம் அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கணக்கே இப்படிப் பேசுகிறது.

கடைக்காரன் வாய்க்குப் பூட்டு

“கடைக்காரர், ‘வேறு கார்டு கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டால் போகிறது” என்று நினைக்கலாம். சொல்ல விடுவார்களா? சாதாரணக் கார்டை ஏற்கும் கடை, அதே முத்திரையுள்ள உயர்ரகக் கார்டையும் ஏற்றே தீரவேண்டும் என்பது விசாவும் மாஸ்டர்கார்டும் பல பத்தாண்டுகளாக விதித்து வந்த நிபந்தனை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸோ, ‘கட்டணம் குறைந்த வேறு கார்டு இருக்கிறதா?’ என்று கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்கக்கூட ஒப்பந்தம் போட்டுத் தடுத்தது. இந்தத் தடையை எதிர்த்து வழக்கு நடந்தது. 2018 ஜூன் 25ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. நாலு நீதிபதிகள் கம்பெனிக்கு எதிராக. ஐந்து பேர் கம்பெனியின் பக்கம். தடை நிலைத்தது.

பேச்சுச் சுதந்திரத்தின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நாடு அது! ஜனாதிபதியைத் திட்டலாம், கார்டுக் கட்டணம் அதிகம் என்று சொந்தக் கடையில் நின்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது.

2022ல் அமெரிக்க செனட்டில் இந்தக் கட்டணத்துக்குப் போட்டி உண்டாக்க ஒரு மசோதா வந்தது. பாங்குகள் பாய்ந்து எதிர்த்தன. அவற்றோடு தோள் சேர்ந்து நின்றவர் யார்? விமானக் கம்பெனிகள்! பாங்குக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு?

பறக்கும் பாங்குகள்

உறவு இதுதான். விமானக் கம்பெனி ‘மைல்’ என்ற பெயரில் புள்ளிகளை அச்சடிக்கிறது. பாங்கு அவற்றைக் காசு கொடுத்து வாங்கி, கார்டுக்காரருக்குச் சலுகையாகக் கொடுக்கிறது. டெல்டா கம்பெனிக்கு 2023ல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து ஏறத்தாழ 700 கோடி டாலர் வந்தது. கடை விலையில் ஏறியது, கார்டுக் கம்பெனியின் பையில் இறங்கி, ஒரு பங்கு விமானக் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது.

கொரோனா நோய் பரவிய 2020ஆம் வருஷத்தைப் பாருங்கள். ஜூலை மாதத்தில் யுனைட்டெட் விமானக் கம்பெனி தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அந்தத் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். அன்றைக்குச் சந்தையில் அந்தக் கம்பெனிப் பங்குகள் அத்தனைக்கும் இருந்த விலையைவிட அது அதிகம்! விமானங்களையும் அவற்றை ஓட்டும் மனிதர்களையும்விடப் புள்ளிக் கணக்குப் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம் என்றாகிவிட்டது. அதே ஜூலை மாதத்தில் அதே கம்பெனி தன் தொழிலாளர்கள் 36,000 பேருக்கு, வேலை போகலாம் என்று நோட்டீஸ் அனுப்பியது. அக்டோபரில் சுமார் 13,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். புள்ளிக்கு ஈடு கிடைத்தது. உழைப்பாளிக்கு நோட்டீஸ் கிடைத்தது.

புள்ளியைக் கொடுத்து முதல் வகுப்பில் பறக்கும் கனவான் முன்னால் வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு வைக்கிறார்களே, அதைச் சமைத்தவர் யார்? விமானச் சாப்பாடு தயாரிக்கும் ஒப்பந்தக் கம்பெனிகளின் தொழிலாளர்கள். குறைந்த கூலிக்கும், எட்டாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டணத்துக்கும் எதிராக 2019 ஜூனில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஆனால் 1926ல் ரயில்வேக்குப் போட்டு, 1936ல் விமானத்துக்கும் நீட்டிய சட்டம் குறுக்கே நின்றது. மத்தியஸ்த போர்டு விடுவித்தால்தான் வேலைநிறுத்தம் செய்யலாம். கனவான் பிளாட்டினத்தை நீட்டினால் கதவு உடனே திறக்கிறது. தொழிலாளி வாக்குச் சீட்டை நீட்டியும் கதவு திறக்கவில்லை.

வட்டிக்கு ஊர் தேடிய கதை

“சாதாரண மனிதனும் கார்டு வாங்கட்டுமே! அவனும் புள்ளி சேர்க்கட்டுமே!” இது அடுத்த உபதேசம். வாங்கியவர்கள் கதி என்ன?

முன்பெல்லாம் அமெரிக்காவில் பல மாநிலங்கள் வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்தன. 1978ல் சுப்ரீம் கோர்ட், பாங்கு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை நாடு முழுவதும் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. 1980ல் தெற்கு டகோட்டா மாநிலம் வரம்பை எடுத்தது. நியூயார்க்கின் சிட்டி பாங்கு தன் கார்டுக் கடையை உடனே அங்கே தூக்கிக்கொண்டு போனது. வட்டி வாங்க வசதியான ஊர் தேடி மூட்டை கட்டிய லேவாதேவிக்காரனை உலகம் அன்று பார்த்தது.

2023ன் நடுவில் அமெரிக்க மக்களின் கார்டுக் கடன் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. பாக்கி வைப்பவருக்கு வட்டி சராசரியாக 20 சதவிகிதத்துக்கு மேல். மாதா மாதம் முழுப் பணத்தையும் கட்ட வசதியுள்ளவருக்குப் புள்ளி. பிள்ளையின் வைத்தியச் செலவுக்குக் கார்டைத் தேய்த்துவிட்டுக் கட்ட முடியாதவருக்கு வட்டி. இவர் கட்டும் வட்டியும் அவருடைய சவாரிக்கு எரிபொருள்.

நம் நாட்டிலும் கடை விரித்துவிட்டார்கள்

இந்தியாவில் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 பிப்ரவரியில் 10 கோடியைத் தாண்டியது. இங்கேயும் உலோகக் கார்டு வந்தாயிற்று, அழைத்தால் மட்டும் கிடைக்கும் கார்டு வந்தாயிற்று, லவுஞ்ச் வந்தாயிற்று. லவுஞ்சுக்குப் போக முந்திய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்ற வேலியும் பல பாங்குகளில் வந்தாயிற்று.

ஒரு வித்தியாசம் உண்டு. டீக்கடையில் செல்போனைக் காட்டி யுபிஐ மூலம் கணக்கிலிருந்து நேரே கொடுக்கும் பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கட்டணம் இல்லாமலும் பணம் கைமாறும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பாங்குகள் கேட்கும்போதெல்லாம் இதை நாம் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

வட்டி விஷயத்திலோ நாம் அமெரிக்காவை முந்திவிட்டோம். மாதம் மூன்றரை சதவிகிதம் வாங்கும் கார்டுகள் இங்கே உண்டு. வருஷத்துக்கு 42 சதவிகிதம்! 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது முறைகேடு என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008ல் சொன்னது. 2024 டிசம்பர் 20ல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ல் சட்டம் போட்டார்கள். தெருவில் நின்று கேட்டால் கந்துவட்டி. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கேட்டால் ‘நிதிச் சேவை’!

தடுக்க முடியாதா?

முடியும். ஆஸ்திரேலியா 2003லேயே இந்தக் கட்டணத்துக்குக் கடிவாளம் போட்டது. ஐரோப்பிய யூனியன் 2015ல், பாங்குகளுக்குள் கைமாறும் கிரெடிட் கார்டுக் கட்டணம் 100க்கு 30 காசுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் செய்தது. ஐரோப்பாவில் கடைகள் மூடிவிடவில்லை, விமானங்கள் பறக்காமல் நின்றுவிடவில்லை. கனவான்களின் புள்ளி மட்டும் இளைத்தது. இளைக்கட்டும்!

கார்டுக் கட்டணத்துக்கும் கார்டு வட்டிக்கும் சட்டத்தில் உச்சவரம்பு வேண்டும். ரொக்கமாகக் கொடுப்பவருக்கு விலை குறைக்கவும், கட்டணம் எவ்வளவு என்று எழுதித் தொங்கவிடவும் கடைக்காரருக்கு உரிமை வேண்டும். விமான நிலையத்திலும் விமானச் சமையற்கூடத்திலும் வேலை செய்வோருக்கு வயிறு நிறையும் கூலி வேண்டும். இவை கிடைத்த பிறகும் பணம் மிச்சமிருந்தால் சீமான் தன் சொந்தச் செலவில் மெத்தையில் சாய்ந்துகொள்ளட்டும். நாம் குறுக்கே நிற்கமாட்டோம்.

மில் வாசலுக்கும் கார்டு ஏஜெண்டு வருவான். ‘உங்களுக்கும் தங்கக் கார்டு, முதல் வருஷம் இலவசம்’ என்பான். தோழர்களே, கையெழுத்துப் போடுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: “ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் வட்டி எத்தனை?” அந்தப் பதிலைச் சொல்லும்போது அவன் குரல் இறங்குகிறதா இல்லையா என்று பாருங்கள்.